ஜிபிஎஸ் இல்லாத நாளில் உங்கள் ஊருக்கு விமானம் வருமா?

ஓர் ஊருக்கு விமான நிலையம் வருகிறது என்றால் நாம் பேசுவதெல்லாம் முனையக் கட்டடம், ஓடுபாதை நீளம், டிக்கெட் விலை. மேகம் தாழ்ந்து கிடக்கும் நாளில் விமானி எதைப் பிடித்துக்கொண்டு இறங்குவார் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால், "அதான் ஜிபிஎஸ் இருக்கே" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள்.

எஸ்தோனியாவின் தார்த்து நகரம் அப்படித்தான் மாட்டிக்கொண்டது. 2024இல் அது ஐரோப்பியக் கலாச்சாரத் தலைநகர். ஹெல்சிங்கியிலிருந்து ஃபின்ஏர் விமான நிறுவனம் அங்கே மறுபடி பறக்கத் தொடங்கியிருந்தது. ஏப்ரல் 25, 26 ஆகிய இரண்டு நாளும் தார்த்துவுக்கு வந்த விமானம் இறங்க முடியாமல் ஹெல்சிங்கிக்கே திரும்பியது. காரணம், ஜிபிஎஸ் குறுக்கீடு. ரஷ்யாவின் வேலை என்றார் எஸ்தோனிய வெளியுறவு அமைச்சர். மற்றப் பெரும்பாலான ஊர்களில் இப்படி நடந்தால் விமானி தரைக் கருவிக்கு மாறிக்கொள்வார். தார்த்துவில் இறங்கும் முறைகள் எல்லாமே ஜிபிஎஸ்ஸை நம்பியவை. ஒரு மாதத்துக்குமேல் சேவையை நிறுத்திவிட்டு, டிஎம்இ என்ற, தூரம் காட்டும் தரைக் கருவியின் அடிப்படையில் ஒரு மாற்று முறையை உருவாக்கிய பிறகுதான் ஜூன் 2 அன்று மீண்டும் பறந்தார்கள்.

டிஎம்இ ஒன்றும் புதுமை அல்ல. விமானம் ஒரு துடிப்பை அனுப்பும். தரையில் இருக்கும் பெட்டி சரியாக 50 மைக்ரோ விநாடி காத்திருந்து பதில் துடிப்பு அனுப்பும். போய் வந்த நேரத்தை வைத்துத் தூரம் கணக்காகும். அவ்வளவுதான். ஆனால் அது தரையில், கிட்டத்தில் இருக்கிறது. ஜிபிஎஸ் சமிக்ஞையோ சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து, சில பத்து வாட் சக்தியோடு கிளம்பி, நம்மிடம் வந்து சேரும்போது நூலிழையாய் மெலிந்திருக்கும். அதை அமுக்கப் பெரிய கருவி தேவையில்லை.

சின்ன விமான நிலையங்கள் ஏன் செயற்கைக்கோளை விரும்புகின்றன என்பதும் எனக்குப் புரிகிறது. விமானத்தை ஓடுபாதைக்கு வழிகாட்டி இறக்கும் தரைக் கருவியான ஐஎல்எஸ் வைப்பது லேசான காரியம் இல்லை. ஓடுபாதையின் மறுமுனைக்கு அப்பால் ஒரு வரிசை ஆன்டெனா, பக்கத்தில் இறங்குகோணத்துக்கு இன்னொரு கம்பம். அந்தக் கம்பத்துக்கு முன்னால் நிலம் சமமாக இருக்க வேண்டும். தரையில் பட்டுத் திரும்பும் அலையும் சேர்ந்துதான் அந்த 3 டிகிரிச் சரிவு உருவாகிறது. குன்றும் பள்ளமுமான ஊரில் இதுவே பெரும்பாடு. அப்புறம் தனி விமானம் பறக்கவிட்டு அவ்வப்போது அளந்து பார்க்க வேண்டும். நாளுக்கு இரண்டு சிறிய ஏடிஆர் விமானங்கள் வந்துபோகும் நிலையத்துக்கு இது சுமைதான்.

அதனால்தான் ககன். இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து கட்டிய அமைப்பு, ஜிபிஎஸ்ஸின் பிழையைத் திருத்தித் தருகிறது. 2022 ஏப்ரல் 28 அன்று ராஜஸ்தானின் கிஷன்கட்டில் இண்டிகோவின் ஏடிஆர் ஒன்று ககன் துணையோடு இறங்கிக் காட்டியது. நல்ல சாதனை, சந்தேகமே இல்லை. ஆனால் ககன் திருத்துவது ஜிபிஎஸ்ஸைத்தான். அந்த ஜிபிஎஸ்ஸே அமுங்கிப் போனால் எதைத் திருத்துவது? இதை விளம்பரத்தில் யாரும் சொல்வதில்லை.

இது எங்கோ ரஷ்ய எல்லையில் நடக்கும் சங்கதி என்று நினைக்க வேண்டாம். 2023 நவம்பர் முதல் 2025 பிப்ரவரி வரை நம் எல்லைப் பகுதியில், பெரும்பாலும் அமிர்தசரஸ், ஜம்மு பக்கம், 465 குறுக்கீடுகள் பதிவானதாக நாடாளுமன்றத்திலேயே சொன்னார்கள். டெல்லியில் ஓடுபாதை 10இல் ஜிபிஎஸ் முறையில் இறங்க வந்த சில விமானங்களும் பொய்ச் சமிக்ஞையில் சிக்கியதாகப் பிறகு நாடாளுமன்றத்தில் இன்னொரு பதிலில் அரசு சொன்னது. தரைக் கருவிகள் இருந்த மற்ற ஓடுபாதை முனைகளில் பாதிப்பு இல்லை என்றும் அந்தப் பதிலில் இருந்தது. எனக்கு அந்த ஒரு வரிதான் முக்கியம்.

அமெரிக்காவில் விஓஆர் எனப்படும், திசை காட்டும் தரை வானொலிக் கருவிகளைக் குறைத்தாலும் குறைந்தபட்ச வலை ஒன்றை விட்டுவைக்கிறார்கள். நம் அரசும் அப்படி வைத்திருப்பதாகச் சொல்கிறது. சரி, ஆனால் அந்த வலை எதற்கு? நடுவானில் ஜிபிஎஸ் இழந்த விமானம் ஏதோ ஒரு ஊரிலாவது பத்திரமாக இறங்குவதற்கு. அந்த ஏதோ ஒரு ஊர் உங்கள் ஊராக இருக்காது. உயிருக்கு ஆபத்தில்லை, ஒப்புக்கொள்கிறேன். தார்த்து பயணிகளும் பத்திரமாகத்தான் ஹெல்சிங்கி திரும்பினார்கள். ஆனால் அவர்கள் போக வேண்டிய ஊர் அது இல்லையே! நாலு முறை இப்படித் திரும்பினால் அந்த வழித்தடத்தையே நிறுவனம் கைவிடும். பெரிய நிலையங்களுக்கு இந்தக் கவலை இல்லை. மானியத்தில் ஓடும் சின்ன நிலையத்துக்குத்தான் ஒரு டிஎம்இயோ விஓஆரோ கட்டாயம் வேண்டும் என்கிறேன், கணக்குப்பிள்ளைகள் தலைகீழாகச் சொன்னாலும்.

விமான நிலைய ஆணையம் ஒவ்வொரு நிலையத்தின் இறங்குமுறை வரைபடங்களையும் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. உங்கள் ஊர்ப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஐஎல்எஸ், விஓஆர் என்று எதுவும் இல்லாமல் ஆர்என்பி, அதாவது ஜிபிஎஸ்ஸை நம்பிய முறை மட்டும் இருந்தால், அடுத்த முறை உங்கள் எம்.பி. புது முனையத்தைப் பற்றிப் பேச மைக் பிடிக்கும்போது இதையும் கேளுங்கள்.