அப்பாயிக்கு யார் சொல்லிக்கொடுத்த பயம் அது?

போன வாரம் எங்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. நீலகிரிக் காடுகளில் வாழும் பழங்குடிகளான குறும்பர்களின் ஏதோ ஓர் ஊர். திண்ணையில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும் ஒரு வயதானவரைக் காட்டி, 'புலியாக மாறும் மந்திரவாதி' என்று தலைப்புப் போட்டிருந்தார்கள். பின்னணியில் பேய்ப்பட இசை. அந்தத் தாத்தாவுக்கு அப்படி ஒரு தலைப்பு போடப்போகிறார்கள் என்று தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை. பார்த்ததிலிருந்து மனசு சரியில்லை. அதனால்தான் இந்த நீளப் பதிவு.

நான் கோத்தகிரிப் பக்கம் ஒரு டேன்டீ லயத்தில், அதாவது அரசுத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வளர்ந்தவள். இலங்கை மலையகத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப 1964இல் போட்ட சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு வேலை கொடுக்க 1968இல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள் அவை. அப்பாயி எழுபதுகளில் இலங்கையின் ஹட்டன் பக்கமிருந்து வந்தார். அங்கே இருந்தவரை குறும்பர் என்ற சொல்லையே அவர் கேள்விப்பட்டதில்லை. ஆனால் எனக்கு விவரம் தெரிந்தபோது, குறும்பர் பற்றி அப்பாயிக்குத் தெரியாத கதையே இல்லை. கரடியாக வருவார்கள், வெட்டிப் போட்ட நகத்தை எடுத்துக்கொண்டு போனாலே போதும், கேட்டதை இல்லையென்றால் அன்றைக்கே வயிறு இழுத்துக்கொள்ளும். எங்கள் லயத்துக்கு மலைத்தேன் கொண்டுவரும் ஒரு தாத்தா உண்டு. அவர் தலை தெரிந்ததும் பிள்ளைகளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துவார்கள். தேனும் வாங்குவார்கள், பயந்துகொண்டே.

ஒரு மழைக்காலத்தில் பக்கத்துக் காம்பராவில் ஒரு குழந்தை இறந்துபோனது. நான்கு நாள் காய்ச்சல், மூச்சிரைப்பு. இன்று யோசித்தால் நிமோனியாவாக இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. ஆனால் அதற்கு முந்தின வாரம் தாத்தா வந்துபோயிருந்தார் என்பதுதான் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. அடுத்த முறை அவர் வந்தபோது யாரும் கதவைத் திறக்கவில்லை. யாரோ கல்லெறிந்தார்கள். அவர் போத்தலை எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போனார். அப்பாயி அதைக் குச்சியால் தள்ளி வாய்க்காலில் விட்டார். அப்புறம் அவர் வரவே இல்லை. எனக்கு அப்போது எட்டு வயது. இத்தனை வருஷத்தில் நான் அதிகம் வெட்கப்பட்டது அந்த நாளை நினைத்துத்தான்.

கல்லூரிக்குப் போன பிறகுதான் பழைய பதிவுகளைப் படித்தேன். கல்லெறிந்ததோடு நின்றதே பெரிய விஷயம் என்று அப்போதுதான் புரிந்தது. 1835ஆம் வருஷம் மட்டும் நீலகிரியில் 48 குறும்பர்கள் கொல்லப்பட்டதாக வெள்ளைக்காரர் காலப் பதிவு சொல்கிறது. 1875இலும் 1882இலும் அதைவிட அதிகம். 1900இல் ஒரு குடும்பத்தையே கொன்றார்கள். அந்த வீட்டுப் பெரியவர் மருந்து கொடுப்பவர். மேலே ஒரு படுகர் ஊரில் நோய் வந்து ஆட்கள் செத்ததற்கு அவர்தான் காரணம் என்று நினைத்திருக்கிறார்கள்.

இதில் ஒரு கொடுமை என்னவென்றால், பயந்தவர்களுக்கே குறும்பர் வேண்டியும் இருந்தார். பழைய நீலகிரியில் அக்கம்பக்கமாக வாழ்ந்த மலைச்சனங்கள் பண்டமாற்றுச் செய்துகொண்டார்கள்: எருமை வளர்த்த தோடர் நெய் கொடுத்தார், கோத்தர் இரும்புச் சாமானும் பானையும் செய்து கொடுத்தார், விவசாயம் செய்த படுகர் தானியம் கொடுத்தார், குறும்பர் காட்டிலிருந்து தேனும் மற்றதும் கொண்டுவந்தார். விதைப்புக்கு முதல் பிடி விதை தூவ குறும்பரைக் கூப்பிடுவார்கள். வேறு குறும்பர் ஏவல் செய்யாமல் காக்கவும் அவருக்கே கூலி. விளைந்தால் அவர் காத்தார், விளையாவிட்டால் அவர் கெடுத்தார். அந்த மனிதர் எப்படித் தப்பிப்பது?

சரி, பயம் எங்கிருந்து வந்தது? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். குறும்பர் ஊர்கள் பெரும்பாலும் மலைச்சரிவுக் காடுகளில் இருப்பவை. அந்தக் காலத்தில் அந்தச் சரிவுகள் மலேரியாக் காடுகள். மேட்டுநிலத்தில் இருப்பவர் கீழே இறங்கி ஒரு ராத்திரி தங்கினால் காய்ச்சலோடு திரும்புவார். அங்கேயே பிறந்து வளர்ந்தவர் நடமாடிக்கொண்டிருப்பார். கொசுவைப் பற்றித் தெரியாத காலத்தில் இதற்கு வேறென்ன விளக்கம் இருந்திருக்கும்? அந்தக் காலத்தில் மாடுகளுக்கு வந்த வெக்கை நோயும் இப்படித்தான், தொழுவம் தொழுவமாகக் காலி செய்துவிடும். அந்த நோய் உலகத்திலேயே இல்லை என்று 2011இல் அறிவித்துவிட்டார்கள். பழி மட்டும் இன்னும் போகவில்லை.

மலைச்சனங்களின் நம்பிக்கை எல்லாவற்றையும் தூக்கிப் போடு என்று நான் சொல்லவில்லை. தேனெடுக்கும் குறும்பரையே பாருங்கள். பாறைக்கு இறங்குவதற்கு முன்னால் விரதம் இருப்பார்கள், மனைவியை விட்டு விலகியிருப்பார்கள். தொங்கும்போது மேலே கயிற்றைப் பிடிப்பவர் மனைவியின் கூடப்பிறந்தவராக இருக்கவேண்டும். தன் அக்காவோ தங்கச்சியோ தாலியறுப்பதை அவர் விடுவாரா? இந்த நம்பிக்கையில் ஒருவர் தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்கிறார். அதன் பாரம் அவர் தோளில்தான். முக்குருத்தி மலை வழியாகத்தான் செத்தவர்களும் எருமைகளும் மறுவுலகம் போகிறார்கள் என்று தோடர் நம்புவதில் யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் சூனியம் என்று ஒரு நம்பிக்கை இருந்தால் அதற்கு ஒரு சூனியக்காரர் வேண்டும். ஓர் ஆள் தேவைப்படும் நம்பிக்கை அது. அந்த ஆள் எப்போதும் எண்ணிக்கையில் குறைந்தவராக, கேட்க நாதியற்றவராகத்தான் அகப்படுகிறார். இரண்டையும் ஒரே 'மூடநம்பிக்கை' மூட்டையில் கட்டுவது எனக்குச் சம்மதமில்லை.

படுகர் நண்பர்கள் இதைப் படித்து வருத்தப்பட வேண்டாம். உங்களைக் குற்றம் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. நூற்றாண்டுகளாகக் கூடவே வாழ்ந்தவர்களின் பயத்துக்காவது ஒரு வரலாறு இருக்கிறது. கப்பலில் வந்து இறங்கிய எங்கள் சனம், 'சிலோன்காரங்க' என்று தாங்களே ஒதுக்கப்பட்ட சனம், பத்தே வருஷத்தில் அந்தப் பயத்தைக் கடன் வாங்கி, தங்களுக்கும் கீழே ஒருவரைக் கண்டுபிடித்துக்கொண்டது. எனக்கு வலிப்பது அதுதான். அப்பாயி நல்லவர். பசி என்று வந்த யாரையும் வெறுங்கையோடு அனுப்பாதவர். அவரால் அந்தப் போத்தலை மட்டும் கையால் தொட முடியவில்லை.

அந்த வீடியோவை எங்கள் குழுவில் போட்ட சித்தப்பாவிடம் பேசினேன். "சும்மா தமாசுக்குத்தானேம்மா" என்றார். 1835 கணக்கைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் வீடியோவை எடுத்துவிட்டார். உங்கள் குழுவிலும் அது வரும். வந்தால் அனுப்பியவருக்கு ஒரு போன் போடுங்கள்.