சோறு போட்டோமாம்

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் என்ன நடந்தது என்று மறுபடி எழுதப் போவதில்லை. வீடியோ வந்துவிட்டது, பார்க்க வேண்டியவர்கள் பார்த்துவிட்டீர்கள். என்னுடைய பன்னிரண்டு நிமிடப் பேச்சை விட நிறைவுரையில் ஐயா சொன்ன ஒரே வரிக்குத்தான் கைதட்டல் அதிகம். "ஊரை விட்டு ஓடி வந்தவருக்கு நாம சோறு போட்டோம், அவர் நமக்கு நாலு பெட்டி கட்டிக் கொடுத்துட்டுப் போயிட்டார்." மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். அதுதான் இன்னும் ஆறவில்லை.

ஜெர்மனியிலிருந்து அகதியாக வந்த கட்டிடக் கலைஞர் ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர் பற்றித்தான் பேச்சு, ஐயா பெட்டி என்றது அவர் வரைந்த கட்டிடங்களை. வராதவர்களுக்காக இந்த ஒரு வரி.

சோறு போட்டது யார்? 1939இல் மைசூர் சமஸ்தானம் அவரைத் தலைமைக் கட்டிடக் கலைஞராக வேலைக்கு எடுத்தது. திவான் மிர்சா இஸ்மாயில். வேலை கொடுத்தார்கள், வேலை வாங்கினார்கள், சம்பளம் கொடுத்தார்கள். இதற்குப் பெயர் உத்தியோகம். அன்னதானம் இல்லை. ஐயாவும் முப்பது வருடத்துக்கு மேல் அரசாங்கச் சம்பளம் வாங்கியவர்தான். அவருக்கு அரசாங்கம் சோறு போட்டது என்று யாரும் மேடையில் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. அதே சம்பளத்தை ஓர் அகதி வாங்கினால் மட்டும் அது எப்படிச் சோறாக மாறிவிடுகிறது?

அவர் ஒன்றும் கையை ஏந்திக்கொண்டு வந்தவர் இல்லை. 1908இல் பெர்லினில் பிறந்து, கட்டிடக் கலைஞர் ஹான்ஸ் போல்சிக்கிடம் படித்தவர். 1933இல் ஷிங்கல் பரிசு வாங்கினார். இளம் கட்டிடக் கலைஞர்களுக்கு ஜெர்மனியில் அது பெரிய விஷயம். அதே வருடம் யூதர் என்பதால் அரசு வேலை போயிற்று. அப்புறம் எகிப்து. நெஃபர்டிட்டி சிலையைத் தோண்டி எடுத்தாரே போர்ஷார்ட், அவரோடு பழைய கட்டிட ஆராய்ச்சி. முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட பொருள் என்ன தெரியுமா? எகிப்தியக் கதவு. பண்டைய எகிப்தியர் கதவை எப்படிச் செய்தார்கள், எப்படிப் பொருத்தினார்கள் என்று. ஊர் ஊராகக் கதவு சாத்திக்கொண்டிருந்த காலத்தில் ஒரு மனிதர் உட்கார்ந்து கதவை ஆராய்ந்திருக்கிறார். இதை நான் சொன்னபோது முன்வரிசையில் இரண்டு பேர் வாட்ஸ்அப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சரி, விடுங்கள்.

இன்னொன்றையும் சொன்னேன், அதுவும் எடுபடவில்லை. இவருடைய தாய்மாமன் மாக்ஸ் போர்ன். பெரிய இயற்பியலாளர், 1954இல் நோபல் வாங்கியவர். அவரும் ஜெர்மனியிலிருந்து வெளியேற வேண்டியிருந்தவர்தான். நம்ம சி.வி. ராமன் கூப்பிட்டு, போர்ன் 1935-36இல் சில மாதம் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் இருந்தார். நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம் என்று ராமன் பேச்செடுத்தபோது, இங்கிலாந்துக்காரப் பேராசிரியர் ஒருவர் எழுந்து, சொந்த நாடே துரத்திவிட்ட இரண்டாந்தர ஆள் நமக்கு எதற்கு என்கிற மாதிரி பேசினார். போர்ன் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குப் போய் மனைவியிடம் அழுததாக அவரே எழுதியிருக்கிறார். வேலை கிடைக்கவில்லை. அதே வளாகத்தில்தான் சில வருடம் கழித்து மருமகன் கட்டிடம் கட்டினார். அந்தப் பேராசிரியரும் வேடிக்கையாகத்தான் சொல்லியிருப்பார், இல்லையா?

இப்போது பெட்டிக்கு வருகிறேன். பெங்களூர்க்காரர்கள் இன்றும் டாட்டா இன்ஸ்டிட்யூட் என்று சொல்லும் அந்த அறிவியல் கழக வளாகத்துக்கு இரண்டு வருடம் முன்பு போனேன். ஏப்ரல் மாதம், மத்தியானம் மூன்று மணி. விமானப் பொறியியல் துறை, உலோகவியல் துறை எல்லாம் இவர் வரைந்தவை. கோபுரம் இல்லை, குவிமாடம் இல்லை, தூணில் பூ இல்லை. ஜன்னலுக்கு மேலே நீளமான சன்ஷேடு ஓடுகிறது, அவ்வளவுதான். கீழே நின்று பார்த்தேன். அதன் நிழல் ஜன்னலை முழுசாக மூடிவிட்டு இன்னும் ஒரு சாண் கீழே இறங்கியிருந்தது. கண்ணாடியில் ஒரு துளி வெயில் இல்லை. செக்யூரிட்டி வந்து என்ன சார் பார்க்கிறீங்க என்றார். நிழல் என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

நான் இருக்கும் அபார்ட்மெண்டில் மேற்குப் பார்த்த படுக்கை அறைக்குச் சன்ஷேடு ஒன்றே கால் அடி. ஏன் என்று பில்டரிடம் கேட்டதற்கு "எலிவேஷன் அடிபடும் சார்" என்றார், அதாவது முகப்பு அழகு கெட்டுவிடுமாம். சாயங்காலம் அந்தச் சுவரில் கை வைத்தால் தோசைக்கல். இருபது வருடமாகக் கட்டிடச் சைட்டில் நிற்கிறவன் நான், எனக்கே அந்த வீடுதான் வாய்த்தது. வெயில் எந்தக் கோணத்தில் விழும், காற்று எந்தப் பக்கம் இருந்து வரும் என்பதைப் பார்த்து வரைவதற்கு பெர்லினிலிருந்து ஒருவர் வர வேண்டியிருந்தது. நாம் அதைப் பெட்டி என்கிறோம்.

"ஐயா பெரியவர், விளையாட்டாகச் சொன்னதைப் பிடித்துக்கொண்டு தொங்கலாமா?" என்று நாலு பேர் ஃபோன் பண்ணிவிட்டீர்கள். ஐயா மேல் எனக்கு மரியாதை உண்டு. அவர் கையால் வாங்கிய புத்தகங்கள் இன்னும் என் அலமாரியில் இருக்கின்றன. ஆனால் விளையாட்டாக வருவதுதானே மனசில் இருப்பது?

"மற்ற நாடெல்லாம் விரட்டியபோது இங்கே இடம் கொடுத்தோமே, அது பெருமை இல்லையா?" பெருமைதான். மைசூருக்குப் பெருமை. ஞாயிற்றுக்கிழமை அந்த மண்டபத்தில் இருந்தவர்களில் யாருடைய தாத்தாவும் மைசூர் திவானாக இருந்ததாகத் தெரியவில்லை. அந்த "நாம" யார் என்பதுதான் என் கேள்வி.

"நம்ம ஆள் ஆயிரம் பேர் இருக்க, யாரோ ஒரு ஜெர்மன்காரனுக்கு ஏன் இவ்வளவு?" இதற்குப் பதில் சொல்ல மாட்டேன்.

அப்புறம், "டெல்லித் தொழிற்சாலை என்ன ஆயிற்று?" இதைக் கேட்டவர் விஷயம் தெரிந்தவர். 1948இல் நேரு அரசு இவரை வீட்டு வசதித் துறை இயக்குநர் ஆக்கியது. பிரிவினையில் வந்து குவிந்த அகதிகளுக்கு வீடு வேண்டும். பரீதாபாத், ராஜ்புரா, காந்திதாம் என்று எழுந்த புதிய ஊர்களின் வேலையில் இவர் கை உண்டு. கவனியுங்கள், அகதிகளுக்கு வீடு கட்டுவதற்கு ஓர் அகதி. அதற்காகச் சுவர்ப் பலகைகளை வார்த்துப் பொருத்தும் தொழிற்சாலை ஒன்றை டெல்லியில் போட்டார்கள். அது சொதப்பியது. பலகைகள் சரிப்படவில்லை, நினைத்தபடி வீடுகள் வரவில்லை, அரசு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டது. 1951இல் அவர் லண்டனுக்குப் போய்விட்டார். ஒப்புக்கொள்கிறேன், தோல்விதான். நாம் கட்டிய மேம்பாலங்கள் எல்லாம் ஒழுகாமல் நிற்கிற மாதிரி பேசாதீர்கள், அவ்வளவுதான். புவனேஸ்வரத்துக்குத் திட்டம் போட்டதும் இவர்தான். அதை யாராவது சொன்னீர்களா?

ஏன் இவ்வளவு கோபம் என்று வீட்டிலும் கேட்டார்கள். சொல்கிறேன்.

எங்கள் அப்பத்தா 1942இல் பர்மாவிலிருந்து நடந்து வந்தவள். ரங்கூனில் குண்டு விழுந்து, இடுப்பில் ஒரு பிள்ளை, வயிற்றில் ஒரு பிள்ளையோடு. இடுப்பில் இருந்த பிள்ளை வழியிலேயே போயிற்று. வயிற்றில் இருந்தது என் அப்பா. ஊருக்கு வந்ததும் ஒன்றுவிட்ட பெரியப்பா வீட்டில் திண்ணையை ஒட்டி ஓர் அறை கொடுத்தார்கள். நான் சிறுவனாக இருந்தபோது கூட, கல்யாணமோ காதுகுத்தோ, அந்த வீட்டு ஆள் ஒருவர் இலையைப் பார்த்துக்கொண்டே சொல்வார்: "பர்மாவுல இருந்து வந்தப்ப நாங்கதானே சோறு போட்டோம்." அப்பத்தா தலையை ஆட்டுவாள், நிமிர மாட்டாள். அந்த வீட்டு நெல்லை மூன்று வருடம் குத்தினவள் அவள். உள்ளங்கையில் உலக்கைக் காய்ப்பு சாகும் வரை இருந்தது. நான் சின்னப் பையனாக அதை விரலால் தடவிப் பார்ப்பேன், புளியங்கொட்டை மாதிரி வழவழவென்று இருக்கும். அந்த நெல் யார் வயிற்றுக்குப் போனது என்று ஒருத்தர் கணக்குச் சொல்லவில்லை. கடைசி வரை அவள் பெயர் பர்மாக்காரி.

மூத்தவரே, இப்போது புரிகிறதா நான் ஏன் சிரித்துவிட்டுத் தூங்காமல் இருக்கிறேன் என்று?

கோனிக்ஸ்பெர்கருக்கும் அப்பத்தாவுக்கும் சம்பந்தம் இல்லை என்பீர்கள். அவர் படித்தவர், இவள் கைநாட்டு. தெரியும்.

லண்டனுக்குப் போய் அவர் சும்மா இருக்கவில்லை. ஐ.நா. குழுவில் கானாவுக்குப் போனார். அங்கே இவர்கள் கொடுத்த யோசனை எனக்கு ரொம்பப் பிடித்தது. ஏழைகள் மண்சுவரைத் தாங்களே எழுப்பிக்கொள்வார்கள், காசு இல்லாமல் நிற்பது கூரைக்குத்தான், ஆகவே கூரைக்கு மட்டும் கடன் கொடுங்கள். சுவர் அவர்களுடையது, உழைப்பு அவர்களுடையது. யாரும் யாருக்கும் வீடு கட்டிக் கொடுத்தேன் என்று சொல்ல முடியாது. அப்படி ஒரு திட்டம். சோறு போட்டோம் என்று கேட்டுப் பழகிய ஒருவருக்குத்தான் இது தோன்றும் என்று நான் நினைக்கிறேன். நிரூபிக்க முடியாது.

மேடைக்கு மேடை சிங்கப்பூரைப் பார் என்கிறோமே, 1963இல் அங்கே போன மூன்று பேர் கொண்ட ஐ.நா. குழுவிலும் இவர் உண்டு. நடுவில் நீர்ப்பிடிப்புப் பகுதியை விட்டுவிட்டுச் சுற்றிலும் வளையமாக ஊர்கள் வரட்டும் என்பது அவர்கள் அறிக்கை. லண்டனில் வெப்பநாட்டுக் கட்டிடக் கலை என்று தனித்துறை நடத்தி, ஆசிய ஆப்பிரிக்கப் பிள்ளைகளுக்கு வெயிலும் காற்றும் சொல்லிக்கொடுத்தார். இங்கே கற்றதைத்தான். ஆகவே கணக்குப் பார்ப்பதென்றால் நாமும் அவருக்குக் கொடுத்திருக்கிறோம். சோறு இல்லை, பாடம். இதையாவது நிறைவுரையில் சொல்லியிருக்கலாம், நானே கைதட்டியிருப்பேன்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கும் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள், தலைப்பு கேட்டு நேற்று மெசேஜ் வந்தது. "எகிப்தியக் கதவு" என்று அனுப்பிவிட்டேன். நிறைவுரை யார் என்று கேட்டேன், இன்னும் ப்ளூ டிக் வரவில்லை.