ரேஷன் கடை பாமாயில் வரிசையில் ஒரு பொருளாதார மேதை

சார்: எல்லாத்தையும் அரசாங்கமே அளந்து கொடுத்தா நாடு எப்படிம்மா உருப்படும்? யார் அதிக விலை கொடுக்கறாங்களோ, பொருள் அவங்களுக்குப் போகணும்.

சாந்தி: சரி சார், 20 ரூபா தரேன்.

சார்: எதுக்கு?

சாந்தி: உங்க இடத்துக்கு. அதிக விலை கொடுக்கறவங்களுக்குன்னுதானே சொன்னீங்க?

சார்: நான் முதலாளித்துவத்தைச் சொன்னேன்! இங்க வரிசைன்னா வரிசைதான். முன்னாடி வந்தவங்களுக்கு முதல்ல.

சாந்தி: முன்னாடி வந்தது உங்க பை சார். அரை மணி நேரமா அதுக்குப் பின்னாடிதான் நிக்கறேன். 30?

(உள்ளே கைரேகை மெஷின் ஒரு பாட்டியின் விரலை ஏற்க மறுக்கிறது. பாட்டி விரலைப் புடவையில் துடைத்துத் துடைத்து வைக்கிறார்.)

சார்: சோவியத்ல ரொட்டிக்குக்கூட இப்படித்தான் வரிசை. 1991ல மொத்தமா படுத்துடுச்சு.

சாந்தி: அதே வருஷம்தானே இங்க தாராளமயம் வந்துச்சு? எதிர் மளிகைக் கடையில ஈ ஓட்டறாங்க, அங்க வாங்கலாமே.

சார்: அங்க துவரம் பருப்பு என்ன விலை தெரியுமா? இங்க கிலோ 30!

சாந்தி: அதிக விலை கொடுக்கறவங்களுக்குத்தானே பொருள்?

சார்: விலைங்கறது ஒரு தகவல்மா. தட்டுப்பாடு வந்தா விலை ஏறும், அதைப் பார்த்து நாலு பேர் சரக்கு கொண்டு வருவாங்க.

சாந்தி: 2015 வெள்ளத்துல பால் பாக்கெட் 100 ரூபா வித்துச்சு. தகவல் வந்துச்சு, பால் வரல. 40?

சார்: ரேஷன் ஏழைங்களுக்கு மட்டும் இருக்கட்டும்னுதான் சொல்றேன்.

சாந்தி: 1997ல டெல்லியும் அதைத்தான் சொல்லுச்சு. வறுமைக்கோட்டுக்கு மேல, கீழன்னு ஆளைப் பிரிச்சாங்க. தமிழ்நாடுதான் எல்லாருக்கும்னு வச்சுச்சு. அதனாலதான் காரைத் தெருமுனையில நிறுத்திட்டு நீங்களும் வரீங்க. எந்தப் பொருளும் வேணாம்னா அதுக்கும் ஒரு கார்டு இருக்கு சார், மாத்திக்கலாம்.

சார்: கார்டு... வீட்டம்மா பேர்ல இருக்கு.

(உள்ளேயிருந்து குரல்: "பாமாயில் முடிஞ்சுது! பருப்பு வேணும்னா கூட ஒரு சோப்பு வாங்கணும்!")

சார்: இது என்ன அநியாயம்! வேண்டாத சோப்பை எதுக்குத் தலையில கட்டறாங்க? இதையெல்லாம் கேக்க அரசாங்கம்னு ஒண்ணு இல்லையா?

சாந்தி: சோப்புதான் சார் இங்க தனியார் துறை.

சார்: சரிம்மா, நீயே முன்னாடி போ. 40 கொடு.

சாந்தி: பாமாயில் தீர்ந்த பிறகா? 2 ரூபாய்க்கு மேல போகாது சார். விலை ஒரு தகவல்.