பிள்ளைகளை மாடியிலிருந்து கீழே கூட்டி வாருங்கள்

திருவிருந்து (இயேசுவை நினைவுகூர்ந்து அப்பமும் திராட்சரசமும் பகிர்ந்துகொள்ளும் ஆராதனை) நடக்கும் நேரத்தில் சிறு பிள்ளைகளை மாடியில், ஞாயிறு பள்ளி வகுப்பிலேயே உட்கார வைப்பது சரியில்லை. இதை நான் வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். கோலாலம்பூரில் எனக்குத் தெரிந்த சில தமிழ்ச் சபைகளில் இப்படித்தான் நடக்கிறது. கீழே போதகர் அப்பத்தைப் பிட்கிறார், மேலே பிள்ளைகள் படத்துக்கு வர்ணம் தீட்டிக்கொண்டிருக்கிறார்கள். அப்புறம் வளர்ந்து, சபையின் முழு உறுப்பினராகத் தயார்செய்யும் திடப்படுத்தல் வகுப்புக்கு வந்ததும், திருவிருந்து என்றால் என்ன என்ற கேள்விக்கு விடையை மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். கண்ணால் பார்க்காத ஒன்றைப் பற்றிப் பிள்ளைக்கு எப்படிக் கேள்வி வரும்?

பைபிளில் யாத்திராகமம் 12-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். இஸ்ரவேலர் அடிமைத்தனத்திலிருந்து விடுதலையாகி எகிப்தை விட்டுப் புறப்படும் இரவில், பஸ்கா என்னும் அந்த விடுதலைப் பண்டிகையை எப்படி ஆசரிப்பது என்று மோசே சொல்லிக்கொண்டு வருகிறார். சொல்லும்போதே, இதற்கு என்ன அர்த்தம் என்று உங்கள் பிள்ளைகள் கேட்பார்கள், அப்போது அவர்களுக்கு இப்படிச் சொல்லுங்கள் என்கிறார். இன்றைக்கும் யூதர் வீடுகளில் பஸ்கா இரவில் கேள்வி கேட்பது வழக்கமாகக் கடைக்குட்டிதான். இயேசு சீடர்களோடு கடைசியாக உட்கார்ந்தது பஸ்கா பந்தியில்தான் என்று மத்தேயு, மாற்கு, லூக்கா மூவருமே எழுதுகிறார்கள். பிள்ளை பார்க்கும், கேட்கும், பெரியவர் சொல்லுவார். நம் திருவிருந்து அப்படிப்பட்ட ஒரு பந்தியிலிருந்து வந்தது. அதிலிருந்து பிள்ளையை மட்டும் நாம் எடுத்துவிட்டோம்.

சரி, ஐந்தாறு வயதுப் பிள்ளைக்கு என்ன சொல்வது? நான் அந்த இரவின் கதையைச் சொல்வேன். மறுநாள் தாம் கொல்லப்படப் போவது இயேசுவுக்குத் தெரியும். பக்கத்தில் இருப்பவர்களில் ஒருவன், யூதாஸ், காட்டிக்கொடுப்பான், இன்னொருவன் தெரியவே தெரியாது என்று சொல்லிவிடுவான், மற்றவர்கள் ஓடிப்போவார்கள். அதுவும் தெரியும். தெரிந்தும் அவர்களைப் பந்தியில் உட்கார வைத்து, அப்பத்தைப் பிட்டு, “என்னை நினைவுகூரும்படி இதைச் செய்யுங்கள்” என்றார். பிள்ளைகள் இங்கே கட்டாயம் நிறுத்துவார்கள். “யூதாசுக்குமா டீச்சர் கொடுத்தாரு?” லூக்கா எழுதியிருப்பதைப் பார்த்தால், ஆமாம், அவன் கையும் அந்த மேசையில்தான் இருந்தது. இந்தப் பதிலைக் கேட்டதும் வகுப்பே அமைதியாகிவிடும். மன்னிப்பைப் பற்றி நான் தனியாகப் பாடம் நடத்தியபோதெல்லாம் அப்படி ஒரு அமைதி வந்ததில்லை.

அடுத்து ரத்தம். அதே பந்தியில் திராட்சரசப் பாத்திரத்தைக் கொடுத்து, இது என் இரத்தம் என்றார் இயேசு. “நிஜ ரத்தமா?” என்று கேட்கும் பிள்ளையை அதட்டாதீர்கள், தயவுசெய்து சிரிக்கவும் சிரிக்காதீர்கள். தம் மாம்சத்தை இவர் எப்படி நமக்குத் தின்னக் கொடுக்க முடியும் என்று பெரியவர்களே வாக்குவாதம் செய்ததை யோவான் 6-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். பிரிக்பீல்ட்ஸில் பாத்திமா மாதா கோயிலும் சீயோன் லுத்தரன் ஆலயமும் அருகருகே இருக்கின்றன. நம் குடும்பங்களிலும் அப்படித்தான். சித்தி வீட்டார் கத்தோலிக்கர், மாமா வீட்டார் லுத்தரன். கத்தோலிக்கர் அது கிறிஸ்துவின் உடலாகவும் இரத்தமாகவுமே மாறுகிறது என்று விசுவசிக்கிறார்கள். லுத்தரன் சபையார் அப்பத்தோடும் திராட்சரசத்தோடும் அவரே மெய்யாக இருக்கிறார் என்கிறார்கள். மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்த நான் எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்வது இது: அப்பம் அப்பமாகத்தான் இருக்கிறது. ஆனால் இயேசு இங்கே உண்மையாகவே நம்மோடு இருக்கிறார், தம்மையே நமக்குத் தருகிறார். எப்படி என்பது டீச்சருக்கும் முழுசாகத் தெரியாது. பிள்ளைகள் இதை நம்மைவிடச் சுலபமாக ஏற்றுக்கொள்கிறார்கள்.

(பள்ளியில் “உங்க சர்ச்ல ஒயின் குடிப்பீங்களாமே” என்று கூடப் படிக்கும் பிள்ளைகள் கேட்பதுண்டு. எங்கள் சபையில் திராட்சைச் சாறுதான். 1869-இல் தாமஸ் வெல்ச் என்ற அமெரிக்க மெதடிஸ்ட் பல் மருத்துவர், சாறு புளிக்காமல் இருக்க அதைச் சூடாக்கிப் பதப்படுத்தியது திருவிருந்துக்காகத்தான். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தால் அவர்களே பதில் சொல்லிக்கொள்வார்கள்.)

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கே வரும் இன்னொரு கேள்வி, “தாத்தாவுக்குப் படையல் போடுற மாதிரியா?” பலருக்கு உறவில் பாதி இந்துக்கள், ஆகவே நியாயமான கேள்வி. படையலைக் குறைத்துப் பேசாமல் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். அங்கே போய்ச் சேர்ந்தவருக்கு நாம் அன்போடு பரிமாறுகிறோம். இங்கே பரிமாறுவது அவர். செத்தவர் உயிரோடு எழுந்தார் என்று நாம் நம்புவதால்தான் இப்படிச் சொல்கிறோம். எனக்குத் தெரிந்து, உயிர்த்தெழுதலைத் திருவிருந்தோடு சேர்த்துச் சொல்ல இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது.

எனக்கு உண்மையில் கோபம் வருவது பயமுறுத்தலில்தான். “தகுதியில்லாமல் வாங்கினால் வியாதி வரும்” என்று ஒரு பெரியவர் சொன்னதைக் கேட்டு, மேசைப் பக்கம் போகவே அழுத ஒரு சிறுமியை நான் பார்த்திருக்கிறேன். அந்த எச்சரிக்கை, அப்போஸ்தலன் பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய கடிதத்தில், 1 கொரிந்தியர் 11-இல் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் சற்று மேலே போய் வாசியுங்கள். வசதியுள்ளவர்கள் முதலில் உட்கார்ந்து தின்று, குடித்து, போதையேறிப் போகிறார்கள். ஒன்றுமில்லாதவர்கள் பசியோடு நிற்கிறார்கள். பவுல் கொதிப்பது அதற்குத்தான். ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்றுதான் அவர் முடிக்கிறார். ஏழையை வெட்கப்படுத்திய பெரியவர்களுக்கு எழுதிய கண்டிப்பை எடுத்து, ஏழு வயதுப் பிள்ளையின் தலையில் வைப்பது அநியாயம். அதே அதிகாரத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் பாருங்களேன். யாரையும் விட்டுவிட்டுச் சாப்பிடக் கூடாது என்பது அவர்களுக்கு உடனே புரியும்.

எந்த வயதில் வாங்கலாம் என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. ஆர்த்தடாக்ஸ் சபைகளில் ஞானஸ்நானம் பெற்ற குழந்தைக்கே கொடுக்கிறார்கள். கத்தோலிக்கத்தில் 1910-இல் பத்தாம் பயஸ் பாப்பரசர், ஏழு வயது அளவில் விவரம் தெரிந்தாலே போதும் என்றார். நம் சபைகளில் வழக்கம் இடத்துக்கு இடம் மாறும், போதகரைக் கேளுங்கள். வாங்காத பிள்ளையும் பெற்றோரோடு முன்னே வந்து ஆசீர்வாதம் பெறலாமே.

ஆகவே ஞாயிறு பள்ளி நடத்துகிறவர்களுக்கும் மூப்பர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். திருவிருந்து ஞாயிறுகளில் வகுப்பைக் கொஞ்சம் சீக்கிரம் முடியுங்கள். பிள்ளைகளைக் கீழே கூட்டி வந்து, முன் வரிசையை அவர்களுக்கு விடுங்கள், பெரியவர்கள் தலை மறைக்காமல் அவர்கள் பார்க்கட்டும். சத்தம் வரும், கேள்வியும் வரும். கேள்விக்கு ஆராதனை முடிந்து தேநீர் நேரத்தில் பதில் சொல்ல நான் தயார், என்னைப் போல இன்னும் பலர் இருக்கிறார்கள். உங்கள் சபையில் இது ஏற்கெனவே நடக்கிறது என்றால், எப்படிச் செய்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள்.