அந்த மேசையில் நான் ஏன் இருக்கிறேன்

நிலாவெளி விடுதி விசயத்தைத் திரும்பச் சொல்லத் தேவையில்லை. மூன்று நாளாக எல்லோரும் பகிர்கிறீர்கள். அங்கே வேலை செய்த ஐந்து மாதக் கர்ப்பிணிப் பிள்ளையை "நாளையில இருந்து வராதேங்கோ" என்று வாய்ஸ் மெசேஜில் வேலையால் நிற்பாட்டியது அநியாயம். ஆனால் அதற்குக் கீழே, போன வருசம் உப்புவெளியில் முதலாளிமாருக்கு நான் வகுப்பெடுத்த படத்தைப் போட்டு, "மனித உரிமை கதைக்கிறவ முதலாளியிட்ட பீஸ் வாங்கிறா" என்று எழுதியிருக்கிறீர்கள். எழுதியவர்களில் இரண்டு பேர் என் வீட்டில் கைநனைத்தவர்கள்.

ஓம், நான் ஒரு சட்டத்தரணி, முதலாளிமாரிடம் பீஸ் வாங்குகிறேன். அந்த விடுதிக்காரர் என் கட்சிக்காரர் இல்லை. இருந்திருந்தால் அந்த மெசேஜ் போயிருக்காது.

அடிப்படை உரிமை வழக்குப் போடு என்று ஆளாளுக்குச் சொல்கிறீர்கள். இலங்கை அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையில் உயர் நீதிமன்றம் போவது அரசின் நிறைவேற்று, நிர்வாகச் செயல்களுக்கு எதிராகத்தான். விடுதி முதலாளி அதற்குள் வரமாட்டார். தனியார் இடத்தில் வேலை செய்கிற பிள்ளையின் உரிமை தொழில் சட்டங்களுக்குள் கிடக்கிறது. கர்ப்பத்தைக் காரணம் காட்டி நிற்பாட்டக் கூடாது, 84 நாள் சம்பளத்தோடு பிரசவ லீவு, ஊழியர் சேமலாப நிதிக்கு (ஈபிஎஃப்) முதலாளியின் பங்கு 12 சதவீதம். நிற்பாட்ட முதலே இதை முதலாளிக்கு யார் சொல்வது? வேலையால் நிற்பாட்டின வழக்குகளைக் கேட்கிற தொழில் நியாய சபையில் பிறகு வெல்லலாம், அதற்கு வருசக்கணக்காகும். பிரசவம் அதுவரை காத்திருக்குமா?

என் அப்பா ஒரு இரும்புக்கடையில் 19 வருசம் நின்றவர். ஒருநாள் சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டு "இனி வரவேண்டாம்" என்றார்கள். ஒரு துண்டுக் கடிதம் இல்லை. முதலாளி திரும்பக் கூப்பிடுவார் என்று அப்பா நம்பினார். காலை ஏழரைக்கு சேர்ட்டை அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு விறாந்தையில் இருப்பார். கதவோரம் சாவி கொழுவுகிற ஆணி வெறுமனே நின்றது. முறையிட வேண்டிய காலமும் அப்படியே போய்விட்டது. அந்த முதலாளி கெட்டவரும் இல்லை, என் சாமத்தியச் சடங்குக்கு வந்து மோதிரம் போட்டவர். அவருக்கு எடுத்துச் சொல்ல ஒரு ஆள் இருக்கவில்லை. அந்த ஆளாகத்தான் நான் இன்றைக்கு முதலாளிமாரின் மேசையில் இருக்கிறேன்.

"ஓட்டையைக் காட்டிக் குடுக்கிறதும் நீங்கள்தானே அக்கா" என்கிறார் ஒரு தம்பி. முதலாளி தன்பாட்டில் ஆளை நிற்பாட்டுவதைத் தடுக்கிற, வேலையை முடிவுறுத்துவது பற்றிய 1971ஆம் ஆண்டுச் சட்டம் 15 பேருக்குக் குறைவாக வேலை செய்கிற இடங்களுக்குப் பொருந்தாது. "14 பேர் எண்டு காட்டலாமா மேடம்" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். ஃபைலை மூடிவைத்துவிட்டு எழும்பி வந்திருக்கிறேன். அதை யார் பகிர்ந்தீர்கள்? தொழிலாளிக்கு எதிராக நியாய சபையில் நின்றதில்லையா என்றால், நின்றிருக்கிறேன். களவுக்காக நிற்பாட்டிய வழக்கு. அதைப் பற்றி இதற்குமேல் சொல்லமாட்டேன்.

இவ்வளவு பேர் பகிர்ந்தீர்களே, அந்தப் பிள்ளையிடம் நியமனக் கடிதம் இருக்கிறதா என்று ஒருவராவது கேட்டீர்களா? தொழில் நியாய சபைக்குப் போக 6 மாதம்தான் தவணை என்று அவவுக்குச் சொன்னீர்களா? என் பழைய படத்தைத் தேடி எடுக்க மட்டும் நேரம் இருந்தது.

தங்கச்சி, இதை வாசித்தால் அந்த வாய்ஸ் மெசேஜை அழிக்காதேங்கோ. சம்பளச் சீட்டையும் கிளினிக் கார்ட்டையும் எடுத்துக்கொண்டு உவர்மலைக்கு என்னிடம் வாங்கோ. பீஸைப் பற்றிக் கதைக்க வேண்டாம்.