புரட்டாசியில் எங்களுக்கு என்ன இருக்கிறது?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள ஒரு பப்பைப் பற்றி இங்கே வந்த கட்டுரையைப் படித்தேன். பழைய ரயில் நிலையம் போன்ற அலங்காரம், பர்கர், கிராஃப்ட் பியர் (சிறு ஆலைகளில் செய்யும் பியர்), ஸ்டூப்பில், அதாவது முன் திண்ணையில், போட்ட மேசைகள் என்று கட்டுரை நன்றாகவே சொல்கிறது. ஆனால் எங்கள் வீடுகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இங்கே பல தமிழ்க் குடும்பங்கள் மாட்டிறைச்சி தொடுவதில்லை. சிக்கன் பர்கர் உண்டு என்பார்கள், சரி. அது எந்த கிரில்லில் வேகிறது? போன வருடம் ஒரு பப்பில் கேட்டேன். எல்லாம் ஒரே கிரில்தான் என்றார்கள். என் அம்மா தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு எழுந்து வந்தார். அது இன்னும் மனதில் உறுத்துகிறது.

அப்புறம் புரட்டாசி. செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை. குளிர் போய், ஸ்டூப்பில் உட்கார இதமான நேரம். அப்போதுதான் நம்மில் பலர் கவிச்சி சேர்ப்பதில்லை, மதுவும் இல்லை. அதற்குப் பெரிய யோசனை எதுவும் வேண்டாம்: ரொட்டிக்குள் கறி ஊற்றித் தரும் நம் டர்பன் உணவான பனி சௌ (bunny chow), அதுவும் பீன்ஸ் போட்டது, போதும். கால் ரொட்டியைக் குடைந்து, சூடான பீன்ஸ் கறியை ஊற்றி, எடுத்த ரொட்டித் துண்டை மேலே வைத்துத் தரட்டும். கூட வீட்டு முறையில் செய்த இஞ்சி பியர், மது இல்லாதது.

மற்ற மாதங்களில் குடிப்பவர்களுக்கு ஒன்று: மட்டன் பனி சௌவோடு ஐபிஏ (IPA) என்ற கசப்பான பியர் வேண்டாம். கசப்பு காரத்தை இன்னும் ஏற்றிவிடும். கசப்பு குறைந்த, லேசான லாகர் பியர் கேளுங்கள்.

தனி கிரில் வைத்திருக்கும் பப் தெரிந்தால் இங்கே எழுதுங்கள். அம்மாவை மறுபடி அழைத்துப் போக வேண்டும்.