தம்ளர் கணக்கு கடலுக்குச் சரிவராது

"தம்ளரில் ஐஸ் உருகினால் தண்ணீர் வழியாது, கடல் மட்டம் உயர்வதும் கட்டுக்கதைதான்" என்று மேலே அண்ணன் எழுதியிருக்கிறார். மிதக்கும் பனிக்கு அது ஏறக்குறைய சரி. ஆனால் கிரீன்லாந்திலும் அண்டார்க்டிகாவிலும் பனி பெரும்பாலும் நிலத்தின் மேல் கிடக்கிறது. அது உருகினால் தம்ளரில் புதுத் தண்ணீர் ஊற்றின மாதிரி. அப்புறம், சூடேறினால் கடல்நீரே விரியும். 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் ஏறியது; 2006 முதல் 2018 வரை ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் என்கிறது ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2021 அறிக்கை.

நம் மொரீஷியஸின் மோன் ஷுவாசி கடற்கரையில் ஃபிலாவோ (சவுக்கு) மரங்களின் வேர்கள் மணலுக்கு வெளியே தொங்குகின்றனவே, அதற்குக் கடல் மட்டம் மட்டுமே காரணம் என்று நானும் சொல்லமாட்டேன். பவளத்திட்டு சிதைந்தாலும் அலை வேகம் தணியாமல் கரைக்கு வந்து மணலை அரிக்கும். பவளம் வெளுப்பதும் பெரும்பாலும் அதே சூட்டால்தான்.